எதிர்ப்பக்கம் பேசியவள்

மன்றத்தின் விதிகளைத் திருத்தப்போவதாகச் சென்ற மாதம் ஒரு மாணவர் தொலைபேசியில் தெரிவித்தார். எங்கள் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் இயங்கும் சட்ட மாணவர் மன்றத்துக்கு இவ்வாண்டு அவர்தாம் செயலர். நான் அத்துறையின் நூலகராயிருந்து ஓய்வுபெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதியில் அம்மன்றத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டை என் கையால் எழுதியவள்.

“மேடம், மறுப்புரைஞர்னு ஒரு போஸ்ட் இருக்குல்ல, அதுக்கு மூணு வருசமா யாருமே நிக்க மாட்டேங்குறாங்க. எல்லாத்துக்கும் குறுக்க பேசுறவன்னு பேரு வாங்க யாருக்கு ஆசை? தூக்கிரலாம்னு இருக்கோம். தூக்குறதுக்கு முன்னாடி அதப் பத்தி நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தா ஆண்டு மலர்ல போட்டுருவோம்.”

“இரங்கற் குறிப்பா?” என்றேன்.

“ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க மேடம்,” என்று சிரித்தவர், பிறகு, “கிட்டத்தட்ட அதான்,” என்றும் ஒப்புக்கொண்டார்.

பதவியை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் இன்றைய மாணவரின் உரிமை. ஓய்வுபெற்றவள் அதில் தலையிடுவது முறையன்று. ஆயினும் அப்பதவியில் இருந்த ஒரு பெண்ணையும், அவளுடைய வாதத்தால் ஏறத்தாழப் பறிபோகவிருந்த ஒரு பாதையையும் நான் அறிவேன். அதை எழுதலாம் என்று தோன்றியது.

நான் தமிழிலக்கியம் பயின்றவள். நூலகவியலிலும் தேர்ச்சி பெற்றுக் கலைக்கல்லூரி ஒன்றுக்குப் போவேன் என்று எண்ணியிருந்தபோது சட்டத்துறைக்கு நியமன ஆணை வந்தது. முதலிரண்டு ஆண்டுகள் தீர்ப்புத் திரட்டுகளின் முதுகில் எண் ஒட்டுவதிலேயே கழிந்தன. மூன்றாம் ஆண்டில், மன்றத்தின் பதிவர் பொறுப்பு விதிப்படி நூலகருக்கு உரியது என்று சொல்லி, தடித்த நீல அட்டை போட்ட ஒரு பேரேட்டை என் மேசைமேல் வைத்தார்கள்.

மன்றம் புதன்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் படிப்பறையில் கூடும். அவ்வேளையில் அவ்வறை பாதி உறக்கத்தில் இருக்கும். மின்விசிறிகள் மேலிருந்து வெப்பத்தையே மெல்லக் கலக்கிக்கொண்டிருக்கும். பழைய தாளின் மணமும் மாணவியர் சூடிய மல்லிகையின் மணமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் மிதக்கும். மேற்குச் சாளரத்தில் மலைக்கோட்டைப் பாறை தெரியும். கானல் மிகுந்த நாள்களில் அப்பாறை அடியற்று நிற்பதுபோலத் தோன்றும். கூட்டம் முடிவதற்குள் நகரத்தைவிட்டு மிதந்து போய்விடுமோ என்று நான் பலமுறை எழுதுகோலை நிறுத்திப் பார்த்ததுண்டு.

தலைவர் கூட்டத்தை நடத்துவார். செயலர் பொருள்களை முன்வைப்பார். மாதிரி நீதிமன்றம் நடத்தவும் கருத்தரங்குக்கு ஆளழைக்கவும் தனித்தனி அமைப்பாளர்கள் உண்டு. ஊர்களுக்குச் சென்று மனு எழுதித்தரும் சட்ட உதவி முகாமுக்கு ஒரு பொறுப்பாளர். ஒரு மாணவர் மிதிவண்டி மணியொன்றை வைத்துக்கொண்டு பேச்சின் நேரத்தைக் காப்பார். நேரம் கடந்தால் மணியடிப்பார். அதன்பின் பேசும் சொல் எதுவும் குறிப்பேட்டில் ஏறாது. இவர்களுக்கெல்லாம் அப்பால் மறுப்புரைஞர் ஒருவர் இருப்பார். அவையில் அனைவரும் ஒரே கருத்தினராய் இருக்கும்போது எழுந்து, காரணங்காட்டி, அக்கருத்தை மறுப்பது அவர் கடமை. தமக்கு உடன்பாடான கருத்தாயினும் மறுத்தே ஆகவேண்டும். அவர் மறுப்பு எழுதப்பட்ட பிறகே தீர்மானம் நிறைவேறும். மாதிரி நீதிமன்றத்தில் எவர் பக்கம் பேச ஆளில்லையோ அந்தப் பக்கமும் அவருக்கே உரியது.

மன்றத்தின் வழிகாட்டி பேராசிரியர் சவரிமுத்து. அவர் நாற்காலியில் அமர்ந்து நான் கண்டதில்லை. சாளரத்தருகே பாறைக்கு முதுகு காட்டி நிற்பார். எந்த மாணவரையும் நீ சொல்வது பிழை என்று அவர் சொன்னதில்லை. பேச்சு தடம்மாறும்போது, “செத்த இருங்க,” என்று சொல்லி வாயிலருகே இருந்த மண்பானைக்குப் போவார். குவளையை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து, ஒரு குவளைத் தண்ணீரை முழுவதும் குடிப்பார். அவை காத்திருக்கும். திரும்பி வந்து என்னைப் பார்த்து, “கடைசி வரிய வாசிங்கம்மா,” என்பார். நான் எழுதியதை வாசிப்பேன். சூட்டோடு சொன்ன சொல் எழுத்தில் ஆறிப்போய், தன் பேதைமையைத் தானே காட்டிவிடும். சொன்னவரே எழுந்து, “அத அடிச்சிருங்க மேடம்,” என்று கேட்டுக்கொள்வார். அடிக்கமாட்டேன், அடுத்த வரியில் திருத்தம் எழுதுவேன். அதுவும் பேராசிரியர் கற்பித்த முறை.

கௌசல்யா மறுப்புரைஞராய்த் தேர்வானபோது நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தொப்பம்பட்டிப் பக்கத்து உழவர் வீட்டுப் பெண். எவரையும் ‘ங்க’ சேர்த்தே பேசுவாள். அந்தப் பணிவோடேயே எதிராளியின் வாதத்தை நார் நாராய்க் கிழித்துவிடுவாள். “மன்னிச்சுக்குங்க,” என்று அவள் தொடங்கினால் மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். “ஏத்தா, மன்னிச்சுட்டோம், உக்காரு,” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அவள் அமரமாட்டாள்.

அவ்வாண்டு கோடையின் தொடக்கத்தில் நிலக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சட்ட உதவி முகாம் நடந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டு அமர்ந்திருந்தோம். ஊரே மல்லிகைத் தோட்டத்துக்குள் இருந்ததால், எழுதிய தாள்களில்கூடப் பூமணம் ஏறியிருந்தது. நண்பகலில் பாண்டியம்மாள் என்பவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வெளியூர் ஆலையொன்றில் வேலை பார்த்தார்; தம் பங்கு நிலத்தை இவர் பெயருக்கு எழுதிவைத்திருந்தார்.

“பாதைய அடைச்சுட்டாங்கம்மா,” என்றார். “எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மகன் முருகேசன். தென்னை வைக்கப் போறானாம். முள்ளப் போட்டு அடைச்சுட்டான். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அந்த வழியாத்தான் பூவக் கொண்டுக்கிட்டு ரோட்டுக்குப் போறேன். இப்ப வாய்க்கா மேட்டச் சுத்திப் போனா, போறதுக்குள்ள பூ வண்டி போயிருது. அடுத்த வண்டி வரங்குள்ள மொட்டு வாயத் தெறந்துருது. வாய் தெறந்த பூவ எவன் வாங்குவான்?”

கணவரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டது வாய்மொழியாக. பாதையைப் பற்றி எங்கும் எழுத்து இல்லை. சுற்றிப்போக வாய்க்கால் மேடு இருந்தமையால், வேறு வழியே இல்லை என்றும் வழக்காட இயலாது. எஞ்சியது ஒன்றே: இருபதாண்டுக்கு மேல், எவர் அனுமதியும் கேளாமல், உரிமையோடு நடந்ததனால் வந்த நடைபாத்தியம். அனுமதியின் பேரில் நடந்திருந்தால் எத்தனை ஆண்டு நடந்தாலும் உரிமை பிறவாது. வழக்கு முழுவதும் அந்த ஒரு நூலில் தொங்கியது. மாணவர்கள் அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். இலவசச் சட்ட உதவி வழியாக ஒரு வழக்கறிஞரும் அமர்ந்தார். முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

அடுத்த மாதம் மாதிரி நீதிமன்றத்துக்குப் பொருள் தேடியபோது, இவ்வழக்கையே பெயர் மாற்றி நடத்துவது என்று முடிவாயிற்று. பாண்டியம்மாள் வேறொரு பெண்ணாக மாறினார், மல்லிகை கனகாம்பரமாயிற்று. அம்மாற்றங்களால் உண்மை மறைந்துவிட்டதாக அனைவரும் நம்பினோம். முருகேசன் பக்கம் பேச எவரும் முன்வராததால் அப்பக்கம் மறுப்புரைஞருக்கு வந்தது.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். எவரைப் பற்றி மன்றத்தில் பேசப்படுகிறதோ அவர் முன்னிலையிலேயே பேசப்படவேண்டும் என்பது மன்றத்தின் பழைய விதி. இரு தரப்பையும் கேட்டலே நீதி என்ற கோட்பாட்டிலிருந்து பிறந்தது அது. உறுப்பினர்மேல் குற்றச்சாட்டு வரும்போது பயன்படுவதற்காகவே அதை ஏற்படுத்தியிருந்தார்கள். ஆனால் எழுத்தில் அப்படி வரையறை ஏதும் இல்லை. நான் எழுத்தை மதிப்பவள். எனவே பதிவர் என்ற முறையில், பாண்டியம்மாளுக்கு ஓர் அஞ்சலட்டையும் முருகேசனுக்கு ஓர் அஞ்சலட்டையும் அழகிய கையெழுத்தில் எழுதி, நானே அஞ்சற்பெட்டியில் சேர்த்தேன். எதிர்வாதியை நம் ஒத்திகைக்கே வரவழைக்கும் பேதைமை, விதியை எழுத்தளவில் மட்டும் அறிந்தவர்க்கே வரும்.

பாண்டியம்மாள் வரவில்லை, பூப் பருவம். முருகேசன் வந்திருந்தார். அவருடன் அவர் தாய் இராக்கம்மாளும் வந்தார். பாண்டியம்மாளுக்கு அக்கா முறை, மூத்த ஓரகத்தி. கணவரை இழந்தவர் என்பது தோற்றத்தில் தெரிந்தது. கடைசி வரிசையில் அமர்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்தார்.

கௌசல்யா எழுந்தாள். “மன்னிச்சுக்குங்க,” என்று தொடங்கினாள். அன்று அவள் பேசியதை நான் இப்போதும் ஒரு கனவைப்போல வரிவரியாகக் காண்கிறேன். வாதி பல்லாண்டுகள் நடந்தார் என்பதை அவள் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அவர் பாதைக்காரர் வீட்டுக்கு ஒரு பந்து பூ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எதற்காக? பாதைக்காக. ஒருவர் தம் உரிமைக்குக் கைம்மாறு கொடுப்பாரா? கொடுத்தார் என்பதே அது உரிமையன்று, அனுமதி என்பதைக் காட்டுகிறது. ஆகவே அந்தப் பூ, வாரந்தோறும் வாதி தம் கையாலேயே எழுதிக்கொடுத்த ஒப்புகை.

மணி வைத்திருந்த மாணவர் அடிக்க மறந்தார். நீதிபதியாய் அமர்ந்திருந்தவர் அப்பக்கத்துக்கே வெற்றி என்றார். அனைவரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பேராசிரியர் மட்டும் பானையை நோக்கிப் போனார். திரும்பி வந்தபின் எந்த வரியையும் வாசிக்கச் சொல்லவில்லை. கடைசி வரிசை அப்போது வெறுமையாயிருந்தது.

மூன்று வாரங்கழித்து முருகேசனின் பதிலுரை நீதிமன்றத்தில் தாக்கலாயிற்று. வழக்கறிஞர் அதன் படியை அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பூ, கைம்மாறு, அனுமதி எனக் கௌசல்யாவின் வாதம் அப்படியே, வரிசைகூட மாறாமல், அதில் இருந்தது.

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் மறுப்புரைஞர் பதவியையே நீக்கவேண்டும் என்று செயலர் முன்மொழிந்தார். எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை. கௌசல்யாதான் முதலில் பேசினாள்.

“அந்தம்மா முகாம்ல நம்மள நம்பிச் சொன்னதுங்க அந்தப் பூச் சங்கதி. பேச்சுவாக்குல சொன்னாங்க. நான் அதை ஃபைல்ல இருந்து எடுத்து அவிய மேலயே வீசிப்போட்டேனுங்க. இந்தப் பதவி வேண்டாமுங்க.”

“அப்ப எல்லாருக்கும் சம்மதம்,” என்றார் தலைவர்.

“எல்லாருக்கும் சம்மதமா?” என்று சாளரத்தருகிலிருந்து பேராசிரியர் கேட்டார். “அப்படின்னா விதிப்படி ஒருத்தர் மறுக்கணுமே.”

முதலில் எவருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொருவராய்க் கௌசல்யாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தன் பதவி ஒழியவேண்டும் என்று கண்ணீரோடு கேட்டவளே, அது ஒழியக்கூடாது என்று காரணங்காட்டிப் பேசவேண்டியிருந்தது. பின்வரிசையில் ஒருவர், “ஏலே, மணியாச்சும் அடிங்கடா, பாவம்டா அது,” என்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மன்னிச்சுக்குங்க. அந்த வாதத்த நான் சொல்லாட்டி, நாளைக்கு அவிய வக்கீல் கூண்டுல வெச்சுச் சொல்லியிருப்பாரு. அப்பத் தெரியறதுக்கு இப்பத் தெரிஞ்சது நல்லதுதானுங்க. தப்பு மறுத்துப் பேசுனதுல இல்லீங்க. நம்பிச் சொன்னத எல்லாரு முன்னாடியும் பேசுனதுல இருக்குதுங்க. அவியளக் கூப்பிட்டு உக்கார வெச்சதுலயும் இருக்குதுங்க.” அமர்ந்தாள். உடனே மறுபடியும் அழத் தொடங்கினாள்.

அவர்களை அழைத்தது யார் என்று அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை. வேறெவரோ அழைத்ததாகவே ஒவ்வொருவரும் எண்ணியிருந்தார்கள். நான் எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பதிவர் அவையில் பேசும் வழக்கம் இல்லை. அஞ்சலட்டையைப் பற்றிச் சொன்னேன். விதியின் எழுத்தைச் சொல்லி என்னைக் காத்துக்கொள்ளவும் முயன்றேன்.

பேராசிரியர் பானைக்குப் போகவில்லை. “இதையும் எழுதிக்கங்கம்மா,” என்றார். எழுதினேன். என் பெயரை என் கையெழுத்தில் குற்றத்தோடு சேர்த்து எழுதியது அன்று ஒருநாள்தான். தீர்மானத்துக்கு ஆதரவாக ஒரு கையும் உயரவில்லை; பதவி நிலைத்தது.

அதற்கடுத்த வாரம் பாண்டியம்மாளைப் படிப்பறைக்கு வரவழைத்து நடந்ததையெல்லாம் சொன்னோம். கௌசல்யாவே சொன்னாள். கேட்டுவிட்டு அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். “இம்புட்டுப் புத்தகம் வச்சுருக்கீக. இதுல எங்க ஊருப் பாதையும் இருக்குதாக்கும்,” என்றார். கோபமாய்ச் சொன்னாரா வியந்து சொன்னாரா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை.

முகாம் பொறுப்பாளராயிருந்த மாணவர் தாழ்ந்த குரலில், “அக்கா, பூவெல்லாம் குடுக்கவே இல்லைனு சொல்லிருங்க. அதுக்கு என்ன ரசீதா இருக்கு? ஒரே வார்த்தை. பாதை உங்களுக்கு,” என்றார்.

நான் பேராசிரியரைப் பார்த்தேன். “செத்த இருங்க,” என்று அவர் நகர முற்பட்டார். அவர் பானைவரை போகத் தேவையிருக்கவில்லை.

“அதெப்படி அப்பு சொல்ல முடியும்? குடுத்தேன்ல,” என்றார் பாண்டியம்மாள். “பூவக் குடுத்தவளே இல்லைன்னா, அத வாங்கித் தலையில வச்சவ என்னத்துக்கு ஆவா?”

மாணவர் தலைகுனிந்தார். வழக்கு தோற்கும் என்று அப்போது அறையிலிருந்த அனைவரும் நினைத்தோம். பூ ஏந்தி நடக்க ஒரு பாதை இல்லையென்றால், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கணவரிருக்கும் ஊருக்கே போய்விடவேண்டியதுதான் என்று விடைபெறும்போது அவர் சொன்னார். தூரத்து ஊருக்குப் பேருந்து நேரம் கேட்பவரைப்போல அமைதியாகச் சொன்னார்.

சாட்சி விசாரணை நாளில் கௌசல்யாவும் நானும் பேராசிரியரும் நீதிமன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். பாண்டியம்மாள் கூண்டில் நின்று, ஆமாம், வெள்ளிக்கிழமைதோறும் பூ கொடுத்தேன் என்றார். எதற்காக என்று கேட்டபோது, “அக்காவுக்கு,” என்று மட்டும் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புன்னகையோடு அமர்ந்தார்.

பிறகு எதிர்த்தரப்புச் சாட்சியாக இராக்கம்மாள் வந்தார். பூ வாங்கியது உண்மை என்று உறுதிசெய்வதற்காகவே மகன் அவரை அழைத்துவந்திருந்தார். உறுதிசெய்தார். குறுக்கு விசாரணைக்கு நம் வழக்கறிஞர் எழுந்தார். அவரிடம் கேட்க ஒன்றுமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு அமரக் கூசியவராய், தாளைப் புரட்டிக்கொண்டே, “கடைசியா எப்பம்மா பூ வாங்குனீங்க?” என்று கேட்டார்.

வெளியே எங்கோ ஒரு தட்டச்சுப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அந்நேரம் பார்த்து நின்றதாக நினைவு. நினைவு இப்படியெல்லாம் தன் விருப்பம்போல் ஒழுங்குசெய்துகொள்ளும்.

“எங்க வீட்டுக்காரரு செத்த வாரத்தோட நின்னுச்சு. ஆறு வருசமாச்சு. அதுக்கப்புறம் எனக்கு யாரு பூக் குடுக்கப்போறா?”

“அதுக்கப்புறம் இவங்க அந்தப் பாதையில நடந்தாங்களா?”

“நடக்காம? பூ நின்னுச்சு. நடை நிக்கலையே. போன தை வரைக்கும் எங்க வாசலத் தாண்டித்தான் போனா. யாரும் ஒண்ணும் கேக்கல.”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மெல்ல முருகேசனைத் திரும்பிப் பார்த்தார். முருகேசன் தாயைப் பார்த்தார். தாய் எவரையும் பார்க்கவில்லை. பூ பாதைக்கான கைம்மாறு என்றால், பூ நின்றபோது பாதையும் நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. அந்த ஆறாண்டுகளும் எங்கள் வாதங்களுக்கு வெளியே, கேட்பாரற்று, காத்திருந்திருக்கின்றன.

நீதிமன்ற வளாகத்து வேப்பமர நிழலில் கௌசல்யா பாண்டியம்மாளின் கையைப் பற்றிக்கொண்டாள். “ஏனுங்க, பூ நின்னுபோனது உங்களுக்குத் தெரியுமல்லங்க? அத நீங்களே சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமுங்களே.”

“எப்படிச் சொல்ல?” என்றார் அவர். “அவ தாலியறுத்த கதைய நான் கூண்டுல ஏறி நின்னு, எம் பாதைக்காகச் சொல்லணுமா?”

பேராசிரியர் இதைக் கேட்டார். கோட்டுப் பையிலிருந்து எழுதுகோலை எடுத்து, ஏதோ எழுத எண்ணி, எழுதாமல் திரும்பவும் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு ஆடி மாதத்தில் வந்தது. நடைபாத்தியம் உண்டு, தடையை அகற்றவேண்டும் என்பது முடிவு. தீர்ப்பைக் கேட்கப் பாண்டியம்மாள் வரவில்லை. ஆகவே தீர்ப்பின் படியை எடுத்துக்கொண்டு கௌசல்யாவும் நானும் காலைப் பேருந்தில் அவர் ஊருக்குப் போனோம். மழை பெய்யுமா பெய்யாதா என்று வானம் முடிவெடுக்காத காலை. சாலையிலிருந்து வயலுக்குள் இறங்கியதும், தீர்ப்பு அகற்றச்சொன்ன முள்வேலியைத் தேடினோம். காணவில்லை. இரு பக்கமும் ஈரம் மிகுந்த மல்லிகைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை, எவரும் என்றும் அடைத்திராததுபோல, வெளுத்து நீண்டு கிடந்தது. அதில் நடந்தபோது கால் தரையில் படுகிறதா என்றே எனக்கு ஐயமாயிருந்தது; மணம் அவ்வளவு.

பாதையின் நடுவே ஒருவர் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது இராக்கம்மாள் என்று தெரிந்தது.

“வேலி எங்கங்க?” என்று கௌசல்யா தயங்கிக் கேட்டாள்.

“கோர்ட்டுக்குப் போயிட்டு வந்த மறுநாளே எடுத்துட்டேன். கோர்ட்டு சொல்லட்டும்ங்கான் எம் மகன். முள்ள எடுக்கக் கோர்ட்டு எதுக்குடா, கவைக்கம்பு போதாதான்னேன்.” எங்கள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “அதுல என்ன போட்ருக்கு?”

“வேலிய எடுக்கணும்னு போட்ருக்குதுங்க.”

அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கௌசல்யாவை உற்றுப் பார்த்தார்.

“ஏத்தா, அன்னைக்கு உங்க காலேசுல எங்க பக்கம் பேசுனது நீதானே?”

“ஆமாங்க.”

“நல்லாத்தான் பேசுன. எம் மகன் வாயத் தெறந்துக்கிட்டுக் கேட்டான். நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்? இந்தம்மாகூடத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சே. எனக்காக அம்புட்டுப் பேசுனியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அந்த வக்கீலு ஒருத்தருதான் எப்பன்னு கேட்டாரு. கேட்டாரு, சொன்னேன்.”

கௌசல்யா தீர்ப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, வரப்பில் இராக்கம்மாளின் அருகே அமர்ந்தாள்.

“கேக்கலீங்க,” என்றாள். “இப்பக் கேக்கறேனுங்க. சொல்லுங்க.”

இராக்கம்மாள் களைக்கொத்தியை மண்ணில் குத்திவிட்டுக் கால்நீட்டி அமர்ந்தார். பிறகு, தாம் மணப்பெண்ணாக அவ்வூருக்கு வந்திறங்கிய நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார். என் பையில் குறிப்பேடு இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எதிரே பாண்டியம்மாள் வெற்றுக்கூடையோடு திரும்பி வந்தார். எங்களைக் கண்டும் ஒன்றும் கேட்காமல் அவரும் வரப்பில் அமர்ந்தார். இராக்கம்மாள் வேலியைப் பற்றிப் பேச வரும்போது வெயில் ஏறி, செடிகளின் ஈரம் முழுவதும் உலர்ந்துவிட்டிருந்தது.